உங்கள் கொள்ளுத்தாத்தா அந்தப் பக்கத்திலேயேதான் இருக்கிறார்

தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கொள்ளுத்தாத்தா பெயர் முடியப்பன். அவருடைய அப்பா ராயப்பன் என்று வீட்டில் சொல்கிறார்கள். தாரண வருஷம் ஆவணியில் பிறந்தவர் என்று பாட்டி ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கத்தோலிக்கப் பங்கில் (கோயில் வட்டாரத்தில்) சாமியாரிடம், அதாவது குருவிடம், அனுமதி வாங்கிப் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டியிருக்கிறீர்கள். 1884-இல் முடியப்பன் என்று ஒருவர்கூட இல்லை. ஒரே ஒரு பதிவு மட்டும் இடறுகிறது: 'ஸ்தெபானும்', 'பெத்ரி', 'அன்னே', தேதி ஜூலை 4, ஞானத்தகப்பன் (ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்பவர்) 'சவேரிமொந்தோன்'. ஞானத்தகப்பன் போர்ச்சுக்கீசியராக இருப்பாரோ, இது வேறு குடும்பம்தானே என்று படத்தோடு கேட்டிருக்கிறீர்கள்.

வேறு குடும்பம் இல்லை. என் கணக்கில் அவர்தான் உங்கள் கொள்ளுத்தாத்தா. தேதியும் ஜூலை இல்லை, ஞானத்தகப்பனும் நம்மூர்க்காரர்தான். எப்படி என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மதுரை மிஷனுக்கு 1838 வாக்கில் திரும்பி வந்த யேசுசபைக் குருக்களில் பெரும்பாலோர் பிரெஞ்சுக்காரர்கள். 1773-இல் சபையையே ரோமாபுரி கலைத்துவிட்டது, 1814-இல் மீண்டும் அனுமதித்தது, அதற்குப் பிறகு வந்த கூட்டம் இது. அவர்கள் பதிவேட்டை எழுதியது லத்தீனில். குழந்தையின் பெயரைத் தாயோ, ஊரில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரோ தமிழில் சொல்வார்கள். கேட்பது பிரெஞ்சுக் காது, எழுதுவது லத்தீன் கை. அந்த மூன்று படியையும் பின்னோக்கி இறங்கினால்தான் பெயர் கிடைக்கும். எழுத்து தெளிவாக இருந்தும் நீங்கள் தடுமாறியது இதனால்தான்.

முதல் படி, பெயரையே மொழிபெயர்ப்பது. நம் கத்தோலிக்க முன்னோர் அர்ச்சிஷ்டவர்களின், அதாவது புனிதர்களின், பெயரைப் பொருள் பார்த்துத் தமிழாக்கி வைத்தார்கள். ஸ்தெபானுஸ் என்றால் கிரேக்கத்தில் கிரீடம், அதனால் முடியப்பன். பவுலுஸ் என்றால் சின்னவர், அதனால் சின்னப்பன். யோவான்னெஸ் கடவுளின் அருள், அருளப்பன். பெனெதிக்துஸ் ஆசீர்வாதம் ஆனார். லாசருஸ் தேவசகாயம் ஆனார். 2022-இல் புனிதர் பட்டம் பெற்ற தேவசகாயம் பிள்ளைக்கும் ஞானஸ்நானப் பெயர் லாசருதான். யாக்கோபுஸ் என்று இருந்தால் யாகப்பனாகவும் இருக்கலாம், போர்ச்சுக்கீசிய வழியில் வந்த சந்தியாகுவாகவும் இருக்கலாம். யோசேபுஸ் சூசை, இக்னாசியுஸ் இன்னாசி, அலோயிசியுஸ் ஞானப்பிரகாசம். பெத்ருஸ் ராயப்பன், இதில் மட்டும் பாறை என்ற பொருள் வெளியே தெரியாது, மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான். கம்பம் பள்ளத்தாக்கில் ராயப்பன்பட்டி இருக்கிறதே, அந்தப் பெயரைக் கேட்டால் மறக்காது.

சில சாமியார்கள் இப்படி லத்தீன் பெயராகவே எழுதுவார்கள். சிலர் 'ராயப்பென்', 'முடியப்பென்' என்று தமிழ்ப் பெயரையே ரோமன் எழுத்தில் எழுதிவிடுவார்கள். ஒரே ஆள் தை மாதம் ஒரு மாதிரியும் ஆடி மாதம் இன்னொரு மாதிரியும் எழுதியதைப் பார்த்திருக்கிறேன். அதனால் ஒரு பெயரைத் தேடும்போது இரண்டு உருவத்தையும் மனதில் வைத்துக்கொண்டுதான் பக்கம் புரட்ட வேண்டும்.

இரண்டாவது, வேற்றுமை உருபு. அந்த வரி முழுவதும் இப்படி ஓடும்: இன்ன தேதியில், நான், பெத்ருஸ்–அன்னா தம்பதியருடைய மகன் ஸ்தெபானுஸை ஞானஸ்நானம் செய்தேன். தமிழில் 'முடியப்பனை', 'ராயப்பனுடைய' என்று கடைசியில் ஒட்டுகிறோமே, லத்தீனும் அதையேதான் பெயரின் வாலில் செய்கிறது. ஸ்தெபானுஸை என்பதற்கு 'ஸ்தெபானும்'. பெத்ருஸுடைய என்பதற்கு 'பெத்ரி'. அன்னாவுடைய என்பதற்கு 'அன்னே'. 'பெத்ரி' பெண் பெயரோ என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள்; இல்லை, ராயப்பனுடைய என்று அர்த்தம். வாலை வெட்டிவிட்டுப் பாருங்கள்: ராயப்பன், அன்னம்மாள் மகன் முடியப்பன். வீட்டில் சொன்னது அப்படியே இருக்கிறது.

லத்தீன் முழுக்கப் படிக்கத் தேவையில்லை. மகனுக்கு ஃபீலியுஸ், மகளுக்கு ஃபீலியா, ஞானத்தகப்பனுக்கு பத்ரீனுஸ், ஞானத்தாய்க்கு மத்ரீனா, பிறந்ததற்கு நாத்துஸ், கைம்பெண்ணுக்கு விதுவா, அடக்கத்துக்கு செபுல்துஸ். ஏறத்தாழ இருபது சொல் தெரிந்தால் முக்கால் பதிவேடு வழிக்கு வந்துவிடும். 'இன் பெரிகுலோ மோர்திஸ்' என்று கண்டால் சாகக் கிடந்த குழந்தைக்கு உபதேசியாரோ மருத்துவச்சியோ அவசரமாகத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தக் குழந்தை பிழைத்ததா என்று அதே ஆண்டு இறப்புப் பதிவேட்டையும் பார்த்துவிடுங்கள். இதைப் பார்க்காமல் இறந்த அண்ணனைத் தாத்தாவாக வைத்து வம்சாவளி போட்டவர்கள் உண்டு. அண்ணன் இறந்தால் அதே பெயரை அடுத்த தம்பிக்கு வைப்பது நம்மிடம் சாதாரணம்.

அப்புறம் தேதி. நீங்கள் 'ஜூலை' என்று படித்தது 7 என்ற எண்ணையும் அதன் பின்னால் குட்டியாக இருக்கும் நாலு எழுத்தையும். அது ஏழாம் மாதம் இல்லை. செப்தெம் என்றால் லத்தீனில் ஏழு. அதனால் செப்டம்பரை 7 போட்டு, 'பிரிஸ்' என்ற வாலை ஒட்டிச் சுருக்கி எழுதுவது ஐரோப்பா முழுக்க வழக்கம். 8 போட்டால் அக்டோபர், 9 நவம்பர், 10 அல்லது ரோமன் எக்ஸ் போட்டால் டிசம்பர். பழைய ரோமானிய நாட்காட்டி மார்ச்சில் தொடங்கியதால் வந்த கணக்கு. ஆக உங்களுடையது 1884 செப்டம்பர் 4. செப்டம்பர் நடுவரைக்கும் ஆவணிதான், 1884 சித்திரையில் பிறந்தது தாரண வருஷம்தான். பாட்டியின் நோட்டு சரி, பதிவேடும் சரி.

இனி 'சவேரிமொந்தோன்'. இது கொஞ்சம் சுவாரசியமான இடம், நிதானமாகப் பாருங்கள். பிரெஞ்சில் 'உ' ஒலியை எழுத ஓ, யூ என்று இரண்டு எழுத்து சேர்த்துப் போட வேண்டும். 'முத்து' என்ற சின்னச் சொல்லில் இந்த ஜோடி இரண்டு தடவை வரும். நடுவில் இரண்டு டி, அவற்றுக்குச் சேர்த்து ஒரே குறுக்குக் கோடு. இந்த சாமியாரின் வேகக் கையெழுத்தில் யூ என்ற எழுத்தும் என் என்ற எழுத்தும் இரட்டைப் பிள்ளைகள். இரண்டு யூவையும் நீங்கள் என் ஆக்கிவிட்டீர்கள், அதனால் 'மொந்தோன்' என்று ஒருவர் பிறந்துவிட்டார்.

அனுமானம் என்று நினைக்காதீர்கள், பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. அதே வரியில் 'அன்னே' என்ற பெயரைப் பெரிதாக்கிப் பாருங்கள். அதில் என் அடுத்தடுத்து இரண்டு தடவை வருகிறது, இரண்டுக்கும் மேலே தோள் உருண்டு மூடியிருக்கிறது. 'ஸ்தெபானும்' என்பதில் கடைசிக்கு முந்திய யூவைப் பாருங்கள். மேலே திறந்து, கீழே கிண்ணம் மாதிரி வளைந்திருக்கிறது. இப்போது ஞானத்தகப்பன் பெயருக்கு வாருங்கள். இரண்டு இடத்திலும் மேல்பக்கம் திறந்துதான் கிடக்கிறது. சவேரிமுத்து. போர்ச்சுக்கலுக்குப் போக வேண்டாம், அடுத்த தெருவுக்குப் போனால் போதும்.

நான் எப்போதும் செய்வது இதுதான். உறுதியாகத் தெரிந்த சொற்களிலிருந்து, மாதப் பெயர், 'மரியா', வரிக்கு வரி திரும்ப வரும் சூத்திரச் சொற்கள், இவற்றிலிருந்து அந்தக் கையின் ஒவ்வொரு எழுத்தையும் ஒரு தாளில் வரைந்துகொள்வேன். ஏ இப்படி, ஆர் இப்படி, எஸ் இப்படி. அந்தத் தாள் தயாரான பிறகுதான் தெரியாத பெயரைத் தொடுவேன். சாமியார் மாறினால் தாளும் மாறும். எந்த ஆண்டு எந்த சாமியார் எந்தப் பங்கில் இருந்தார் என்று பார்க்கவும், அவர்கள் எழுதிய கடிதம் நாட்குறிப்பு பார்க்கவும் கொடைக்கானல் செண்பகனூரில் யேசுசபையின் மதுரை மாநில ஆவணக் காப்பகம் இருக்கிறது. பதிவேடுகளைப் பங்குக் கோயில்களில்தான் தேட வேண்டும்; எழுதிய ஆளைத் தெரிந்துகொள்ள அங்கே போகலாம்.

இதை நான் ஏதோ முதலிலேயே தெரிந்து பிறந்தவன் மாதிரி சொல்கிறேன். என் அம்மாவழிப் பாட்டனார் ஒருவரை 'அமலப்பன்' என்று படித்துவிட்டு இரண்டு கோடை விடுமுறையை வீணடித்தவன் நான். அமலன் என்பது கேட்கக் கிறிஸ்தவப் பெயர் மாதிரியே இருக்கிறதா, சந்தேகமே வரவில்லை. சிவகங்கைப் பக்கம், திண்டுக்கல் பக்கம் என்று அமலப்பனைத் தேடி அலைந்தேன். கடைசியில் ஒரு கோயில்பிள்ளை (கோயில் பணியாளர்), பத்தாவது படித்தவர், தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "அருளப்பன்னுதானே சார் போட்டிருக்கு" என்றார். ஆர் என்ற எழுத்தின் ஒரு காலும் யூவின் இரண்டு காலும் சேர்ந்து எம் மாதிரி நின்றிருக்கிறது. நான் எழுத்தைப் பார்த்தேன், அவர் ஊரில் உள்ள பெயரைப் பார்த்தார். அவருக்கு அமலப்பன் என்று யாரையும் தெரியாது, அருளப்பனை ஆறு பேர் தெரியும்.

ழகரம் வரும் பெயர்களில் கூடுதல் கவனம் வேண்டும். அந்த ஒலி அவர்கள் நாக்குக்கு வராது. தமிழ் என்பதை பிரெஞ்சுக்காரர் எல் போட்டு எழுதினார்கள். சோழமண்டலம் கோரமண்டல் ஆனபோது ழகரம் ஆர் ஆனது. அதனால் ஊர்ப் பெயரில் எல்லோ ஆரோ பொருந்தாமல் நின்றால் அங்கே ஒரு ழ போட்டுப் பாருங்கள். மதம் மாறி வந்தவர்கள் என்றால் பிள்ளைக்கு அந்தோணி, அப்பனுக்கு முனியாண்டி, அம்மாவுக்கு மீனாட்சி என்று இருக்கும். மதுரைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இதுவே ஒரு நல்ல தடயம். 'எக்ஸ்' எழுத்திலும் ஏமாறாதீர்கள்: சவேரியார் பெயரில் அது நிஜ எக்ஸ், ஆனால் கிறிஸ்தோபர் போன்ற பெயர்களில் அது கிறிஸ்து என்பதன் கிரேக்கச் சுருக்கம்.

உங்கள் குடும்பத்தில் ஒரு கிளை சி.எஸ்.ஐ., அதாவது புராட்டஸ்டன்ட் சபை, என்று கடைசியில் சொல்லியிருந்தீர்கள். அந்தக் கிளைக்கு இந்த லத்தீன் வித்தை உதவாது. அமெரிக்கன் மிஷன் 1834-இல் மதுரைக்கு வந்தது. அவர்களுடைய சபைப் பதிவேடுகளில் நான் பார்த்தவை தமிழிலும் ஆங்கிலத்திலும் இருந்தன. பெயர்களும் வேறு சாயல்: அங்கே ராயப்பன் இல்லை, பேதுரு, முடியப்பன் இல்லை, ஸ்தேவான், சின்னப்பன் இல்லை, பவுல். பாட்டி ஒரு பெயரைச் சொன்ன மாத்திரத்தில் எந்தக் கோயிலுக்குப் போக வேண்டும் என்று பாதி முடிவாகிவிடும்.

தமிழில் இருப்பதால் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். ஓலையில் எழுதிப் பழகிய கை காகிதத்துக்கு வந்தாலும் பழக்கத்தை விடவில்லை. புள்ளி வைக்க மாட்டார்கள். எகர ஏகார வேறுபாடு காட்ட மாட்டார்கள். அதைத் தெளிவாக்க வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டிலேயே வழி செய்துவிட்டார், ஆனாலும் கிராமத்து உபதேசியார் கைக்கு அது வந்து சேர வெகு காலம் ஆனது. 'வெதமாணிககம' என்று இருந்தால் வேதமாணிக்கம். எல்லாவற்றையும் விடக் கொடுமை, ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவம். ஒரு திருமணப் பதிவில் பெண்ணின் பெயர் 'சரரரள' என்று எழுதியிருந்தது. அரை மணி நேரம் முழித்தேன். முதல் ர துணைக்கால், இரண்டாவது நிஜமான ர, மூன்றாவது மறுபடி துணைக்கால், கடைசி ளகரத்துக்குப் புள்ளி இல்லை. சாராள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு பள்ளிக்குப் போனவர்களுக்கு லை, னை, ணை ஆகியவற்றின் பழைய யானைத் தும்பிக்கை வடிவமும், றா, னா, ணாவின் சுழித்த வடிவமும் பழக்கம் இருக்காது. வீட்டில் பெரியவர்களின் பழைய கடிதம் இருந்தால் ஒரு வாரம் அதைப் படித்துவிட்டுப் போங்கள்.

தமிழ் எண்களும் வரும். ௲௮௱௭௰௭ என்று கண்டால் ஆயிரம், எண்ணூறு, எழுபது, ஏழு: 1877. ௳ நாள், ௴ மாதம், ௵ வருஷம். ௸ என்பது மேற்படி; ஊர் கட்டத்தில் அது வரிசையாக இறங்கினால் மேலே ஏறி முதல் ஊரைப் பிடிக்க வேண்டும். இந்த ௸ குறியைக் குடும்பப் பெயர் என்று நினைத்துப் படியெடுத்த ஒருவரை எனக்குத் தெரியும். 1877 என்றதும் தாது வருஷப் பஞ்சம் ஞாபகம் வருகிறது. அந்தக் காலத்து இறப்புப் பதிவுகளில் எழுத்து கட்டெறும்பு மாதிரி நெருங்கிக் கிடக்கும். தகப்பன் பெயர்கூட இராது. அதில் பொறுமையோடுதான் தேட வேண்டும்.

ஊர்ப் பெயருக்கு வருவோம். உங்கள் பதிவில் 'பூதூபத்தி' மாதிரி ஒன்று இருக்கிறது, அது புதுப்பட்டி. எந்தப் புதுப்பட்டி என்பதுதான் கேள்வி, நம் பக்கம் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு புதுப்பட்டியில்தான் விழும். அதே தேதிக்கும் முன்பின் நாட்களுக்கும் உள்ள மற்றப் பதிவுகளின் ஊர்களை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். சாமியார் மாட்டு வண்டியிலோ குதிரையிலோ கிளைக் கிராமங்களைச் சுற்றி வந்து, போன இடத்திலெல்லாம் ஞானஸ்நானம் கொடுப்பார். ஆகவே பதிவேட்டின் வரிசை அவர் போன பாதை. முந்தின நாள் ஊரையும் மறுநாள் ஊரையும் தாலுகா வரைபடத்தில் குறித்தால் நடுவில் ஒரே ஒரு புதுப்பட்டிதான் மிஞ்சும். இன்னொன்று: அந்தக் காலத்தில் கோவா குருக்களின் கோயில், யேசுசபைக் கோயில் என்று ஒரே வட்டாரத்தில் இரட்டை ஆட்சி நடந்தது, ரோமாபுரியும் போர்ச்சுக்கலும் 1886-இல் செய்த ஒப்பந்தம் வரை பெரிய சண்டை. அண்ணன் ஒரு கோயில் பதிவேட்டிலும் தம்பி இன்னொன்றிலும் இருப்பது அதனால்தான். ஒரு பதிவேட்டில் இல்லை என்றால் பிறக்கவே இல்லை என்று அர்த்தம் ஆகாது.

வீட்டுப் பெயர் விஷயமும் உண்டு. மூத்த பையனுக்குத் தாத்தா பெயர் வைப்பார்கள். ஆனால் மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்ல மாட்டாள், அதனால் பிள்ளைக்குக் கூப்பிட வேறு பெயர் வந்துவிடும். கடைசியில் ஊருக்கே அந்தப் பெயர்தான் தெரியும், பதிவேட்டுக்கு மற்றது. உங்கள் அன்னம்மாளை வீட்டில் 'பாப்பாத்தி' என்கிறார்கள் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். அது முரண் இல்லை, இரண்டும் ஒருவர்தான் என்று தற்காலிகமாக வைத்துக்கொள்ளலாம். உறுதிப்படுத்த ஞானப்பெற்றோரைப் பாருங்கள். பெரும்பாலும் மாமன், அத்தை, சித்தப்பாதான் நிற்பார்கள். முடியப்பனின் தம்பி தங்கைகள் பதிவில் இதே சவேரிமுத்துவோ அவர் மனைவியோ மறுபடி வந்தால் குடும்பம் ஒன்றுதான்.

கடைசியாக, உங்கள் படம். மேலிருந்து ஃபிளாஷ் போட்டு எடுத்திருக்கிறீர்கள். அந்த மை இரும்புச் சத்து கலந்த பழைய மை, வெளுத்துப் பழுப்பாகிவிட்டது; ஃபிளாஷ் அடித்தால் இருப்பதும் மறையும். காலை பத்து மணிக்கு ஜன்னல் ஓரம், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வையுங்கள். பேனா அழுத்திய பள்ளம் நிழலாகத் தெரியும். வீட்டுக்கு வந்து படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, நிறத்தைத் தலைகீழாகவும் மாற்றிப் பாருங்கள். பக்கத்தில் விரலை நனைத்துத் தொடாதீர்கள், பென்சிலால் மேலே எழுதிப் பார்க்காதீர்கள். ராமபாணப் பூச்சி தின்றது போக மிச்சம் இருப்பது அதுதான். சாமியாரிடம் முதலிலேயே போன் செய்துவிட்டுப் போங்கள். தவக்காலத்திலும் கோயில் திருவிழா சமயத்திலும் போய் நிற்க வேண்டாம்.

போகும்போது ஒரு வேலை இருக்கிறது. படத்தின் இடது ஓரத்தைப் பாதி வெட்டியிருக்கிறீர்கள், 'ஏதோ கிறுக்கல்' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தெரிவது வேறு மையில், வேறு கையில் ஒரு எம், அதன் பக்கத்தில் 1909 மாதிரி ஒரு எண். ரோமாபுரியிலிருந்து வந்த நே தெமெரே என்ற ஆணை 1908-இல் அமலுக்கு வந்ததிலிருந்து, ஒருவருக்குக் கல்யாணம் நடந்தால் அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறித்தாக வேண்டும்: யாரோடு, எந்தத் தேதி, எந்தக் கோயிலில். முடியப்பனுக்கு அப்போது இருபத்தைந்து வயது. எம் என்பது மத்ரிமோனியும், அதாவது திருமணம் என்பதன் முதல் எழுத்தாக இருக்க வேண்டும். உங்கள் கொள்ளுப்பாட்டியின் பெயரும் அவர் ஊர்க் கோயிலும் அந்த இரண்டு அங்குல ஓரத்தில்தான் இருக்கும். அந்த ஓரத்தையும் சேர்த்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் தம்பி, பார்க்கிறேன்.